போட்டியின்றி, ஏகமனதாக...

ரொம்ப நாளா மனசுல கிடந்த விஷயம். ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்சதால இன்னைக்கு எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன்.

நான் பொறந்தது 1997-ல, பெரம்பலூர் மாவட்டத்துல. நாலு வயசுல அரியலூர் மாவட்டத்துக்காரன் ஆனேன். அஞ்சு வயசுல திரும்பவும் பெரம்பலூர். பத்து வயசுல மறுபடி அரியலூர். இத்தனைக்கும் எங்க வீடு ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரித் தோப்பு ஓரமா ஒரே இடத்துலதான் இருந்துச்சு. வீடு நகரவே இல்லை, மாவட்டம்தான் நகர்ந்துக்கிட்டே இருந்துச்சு :-)

திருச்சி மாவட்டத்தைப் பிரிச்சப்ப 1995-ல பெரம்பலூர் மாவட்டம் வந்தது. 2001 ஜனவரி 1-ல அதுலேர்ந்து அரியலூரைத் தனியாப் பிரிச்சாங்க. ஆட்சி மாறினதும் 2002 மார்ச் 31-ல திரும்பச் சேர்த்துட்டாங்க. மறுபடி ஆட்சி மாறி, 2007 நவம்பர் 23-ல அரியலூர் ரெண்டாவது தடவையாப் பிறந்தது. (நவம்பர் 23-க்கும் அரியலூருக்கும் என்ன ராசியோ. 1956-ல அரியலூர் ரயில் விபத்து நடந்ததும் அதே நவம்பர் 23-தான். இந்தத் தேதி இன்னொரு தடவையும் வரும், பாருங்க.)

இந்தப் பிரிச்சு ஒட்டுற விளையாட்டுல மத்தவங்களுக்கு ரேஷன் கார்டுல பேர் மாறினதோட சரி. எங்க பெரியப்பாவுக்குப் பதவியே போச்சு. அரியலூர் தனி மாவட்டமானப்ப அவரு கட்சியில மாவட்டப் பிரதிநிதி. மறு வருஷம் மாவட்டத்தைச் சேர்த்ததும் கட்சியிலயும் சேர்த்துட்டாங்க. மாவட்டமே இல்லைன்னு ஆனப்புறம் மாவட்டப் பிரதிநிதிக்கு எங்க இடம்? லெட்டர்பேடு நூறு அடிச்சு வச்சிருந்தாரு. அதுல பாதியை நான்தான் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் ரஃப் நோட்டா தீர்த்தேன்.

எந்தக் கட்சின்னு கேக்காதீங்க. சொல்ல மாட்டேன். கட்சிப் பேரைச் சொல்லிட்டா கீழ இருக்குற எதையும் படிக்காம சண்டைக்கு வந்துடுவீங்க, நம்ம மக்களைப் பத்தித் தெரியாதா.

பெரியப்பா நாப்பது வருஷக் கட்சிக்காரர். அந்த நாப்பது வருஷத்துல உட்கட்சித் தேர்தல்ல அஞ்சு தடவை வேட்புமனு குடுத்திருக்காரு. ஓட்டுப் பெட்டியைக் கண்ணால பார்த்தது ஒரே ஒரு தடவை. மத்த நாலு தடவையும் "பேசி முடிச்சாச்சு". அதாவது போட்டியின்றி, ஏகமனதாக. அந்த ரெண்டு வார்த்தையை நம்ம ஊர் பேப்பர்ல எத்தனை தடவை படிச்சிருப்போம்? அதுக்குப் பின்னாடி என்ன வரலாறு இருக்குன்னு தோண்டப் போய்த்தான் இவ்வளவும்.

முதல்ல அமைப்பு. நம்ம ஊர் திராவிடக் கட்சிகள்ல கீழ கிளை. அதுக்கு மேல ஒன்றியம், பேரூர், நகரம். அப்புறம் மாவட்டம். உச்சியில செயற்குழு, பொதுக்குழு. விதிப்படி பார்த்தா அதிகாரம் கீழேர்ந்து மேல போகணும். உறுப்பினர் கிளையைத் தேர்ந்தெடுப்பார், கிளை ஆட்கள் ஒன்றியத்தை, இப்படியே ஏணி மாதிரி. நடைமுறையில ஏணியில ஆள் ஏறுறதை விட இறக்கி விடுறதுதான் அதிகம். மேலேர்ந்து ஒரு லிஸ்ட் வரும், கீழ கைதட்டுவாங்க.

ஆனா எப்பவுமே இப்படித்தான் இருந்துச்சான்னா, இல்லை.

1920-ல நாக்பூர் காங்கிரஸ்ல காந்தி கட்சிக்கு ஒரு புது சட்டதிட்டம் கொண்டு வந்தார். நாலணா குடுத்தா யாரும் மெம்பர் ஆகலாம். மெம்பர்கள் ஓட்டுப் போட்டு உள்ளூர் கமிட்டி, மாவட்ட கமிட்டி, மாகாண கமிட்டி. மாகாணங்களையும் வெள்ளைக்காரன் போட்ட கோட்டுப்படி இல்லாம மொழிவாரியாப் பிரிச்சாங்க. அதனால நாட்டுக்குத் தமிழ்நாடுன்னு ஒரு மாநிலம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே காங்கிரஸுக்குத் தமிழ்நாடுன்னு ஒரு கமிட்டி இருந்தது.

நாலணா மெம்பர் வந்த கையோட போலி மெம்பரும் வந்துட்டான். பணம் இருக்குறவன் நூறு பேருக்கு நாலணா கட்டி, நூறு ஓட்டைச் சட்டைப் பையில வச்சுக்குவான். 1930-களின் கடைசியில காந்தியே ஹரிஜன் பத்திரிகையில இந்தப் போலி உறுப்பினர் கூத்தைப் பத்திப் புலம்புற அளவுக்குப் போச்சு. நாங்க சாஃப்ட்வேர்ல சொல்ற மாதிரி, டேட்டாபேஸ் யார் கையில இருக்கோ அவர்தான் அட்மின். ஓட்டு எண்ணுறதெல்லாம் அப்புறம்.

அப்படி இருந்தும் அந்தக் காங்கிரஸ்ல நிஜமான போட்டி நடந்துச்சு. 1940 தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் தேர்தல். ஒரு பக்கம் ராஜாஜி, இன்னொரு பக்கம் சத்தியமூர்த்தி. ரெண்டு பேருமே நேரா நிக்கலை. ராஜாஜி தரப்பு வேட்பாளர் கோவை சி.பி. சுப்பையா. சத்தியமூர்த்தி நிறுத்தினது தன்னோட சீடரை, 36 வயசு விருதுநகர் காமராஜை. ராஜாஜி அப்பத்தான் ரெண்டு வருஷத்துக்கும் மேல மாகாண முதல்வரா இருந்துட்டு வந்தவர். காமராஜுக்குப் படிப்பும் இல்லை, பெரிய குடும்பமும் இல்லை. இருந்ததெல்லாம் ஊர் ஊராச் சுத்தினதுல கிடைச்ச பழக்கமும், எந்த ஊர்ல எந்தக் கட்சிக்காரன்ங்கிற ஞாபகசக்தியும்தான்.

ரிசல்ட்: காமராஜ் 103, சுப்பையா 100.

மூணு ஓட்டு மக்களே! ரெண்டே ரெண்டு பேர் மனசு மாறியிருந்தா சுப்பையா 102, காமராஜ் 101. பிற்பாடு நாம பார்த்த பள்ளிக்கூடம், மதிய உணவு, கே-பிளான் எல்லாத்துக்கும் முன்னாடி இப்படி ஒரு மூணு ஓட்டு உட்கார்ந்திருக்கு. அதை விட எனக்குப் பிடிச்சது அடுத்த சீன். நாலு வருஷம் முன்னாடி சத்தியமூர்த்தி தலைவர், காமராஜ் செயலாளர். இப்ப சீடன் தலைவராக, குரு அவருக்குக் கீழ செயலாளரா உட்கார்ந்தார்.

14 வருஷம் கழிச்சு 1954-ல ராஜாஜி குலக்கல்வித் திட்டத்தால முதல்வர் பதவியை விட்டப்ப, சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தல். (இது கட்சி கமிட்டித் தேர்தல் இல்லை, எம்.எல்.ஏ.க்கள் ஓட்டு. ஆனாலும் சொல்லியே ஆகணும்.) காமராஜுக்கு எதிரா சி. சுப்பிரமணியம் நின்னார். சி.எஸ். பேரை முன்மொழிஞ்சவர் பக்தவத்சலம். காமராஜ் 93, சி.எஸ். 41. அப்புறம் எட்டுப் பேர் கொண்ட சின்ன மந்திரிசபை போட்டார் காமராஜ். அதுல எதிர்த்து நின்ன சி.எஸ்.சும் உண்டு, முன்மொழிஞ்ச பக்தவத்சலமும் உண்டு. இன்னைக்கு ஒரு மாவட்டச் செயலாளரை எதிர்த்து ஒருத்தர் மனு போட்டாருன்னு வைங்க, அவரு அடுத்த மீட்டிங்ல மேடையில ஏற முடியுமா? மைக் செட்டுக்காரன் பக்கத்துல நிக்க விட்டாலே பெரிசு.

ஒரு கட்சியில யார் ஜெயிச்சாங்கன்னு பார்க்குறதை விட, தோத்தவர் மறுநாள் எங்க இருந்தாருன்னு பார்த்தாத்தான் அந்தக் கட்சி புரியும்னு எனக்குத் தோண ஆரம்பிச்சது இங்கதான்.

காங்கிரஸ் பூரா இப்படித் தங்கமா இருந்துச்சுன்னு நினைச்சுடாதீங்க. 1939 ஜனவரியில அகில இந்தியத் தலைவர் தேர்தல்ல சுபாஷ் போஸ் 1580, பட்டாபி சீதாராமையா 1377. தமிழ்நாட்டுப் பிரதிநிதிகள்கிட்டயும் போஸுக்கே கொஞ்சம் கூடுதல். பட்டாபியோட தோல்வியைத் தன் தோல்வின்னே காந்தி சொன்னார். செயற்குழுவுல இருந்த பெரிய தலைகள் விலகினாங்க. ஏப்ரல்ல போஸ் ராஜினாமா. இங்க ஜெயிச்சவர்தான் வெளிய போனார்! ஓட்டு இருந்தது, ஆனா ஓட்டுக்கு மேல ஒரு ஆள் இருந்தார்.

சரி, நம்ம பக்கம் வருவோம். 1956 மே மாசம், திருச்சி தி.மு.க. மாநில மாநாடு. அப்ப பெரம்பலூரும் உடையார்பாளையமும் திருச்சி மாவட்டத்துத் தாலுகாக்கள். எங்க பக்கத்துப் பெருசுங்களுக்கு மாநாடுன்னாலே அந்தத் திருச்சிதான். கட்சி ஆரம்பிச்சு ஏழு வருஷமாகியும் தேர்தல்ல நிக்கலை. நிக்கலாமா வேணாமான்னு ஒரு பெரிய கேள்வி. தலைவர்கள் ரூமுக்குள்ள உட்கார்ந்து முடிவு பண்ணிட்டு வந்து அறிவிச்சிருக்கலாம். அதைச் செய்யாம மாநாட்டுக்கு வந்த தொண்டர்களையே ஓட்டுப் போடச் சொன்னாங்க. கறுப்புல ஒண்ணு, சிவப்புல ஒண்ணுன்னு பெட்டி வச்சாங்க. போட்டியிடணும்னு 56,942 பேர், வேண்டாம்னு 4,203 பேர். மறு வருஷம் 1957-ல கட்சி நின்னு 15 இடம் ஜெயிச்சது. குளித்தலையில கருணாநிதி ஜெயிச்சதும் அந்தத் தேர்தல்லதான்.

அண்ணா என்ன நினைச்சாருன்னு அங்க இருந்த எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், அதனால ரிசல்ட் ஒண்ணும் ஆச்சரியம் இல்லைன்னு நீங்க சொல்லலாம். ஒத்துக்குறேன். எனக்குப் பிடிச்சது அந்த 4,203. வேண்டாம்னு போட்ட ஓட்டையும் எண்ணி, நம்பரைச் சொல்லி, எழுதி வச்சிருக்காங்க பாருங்க. ஏகமனதாகன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருந்தா அந்த 4,203 பேர் இருந்த அடையாளமே இல்லாம போயிருக்கும்.

ஆனா பதவின்னு வந்தப்ப தி.மு.க.வுல வேற கதை. 1949-ல கட்சி தொடங்கினப்பவே தலைவர் நாற்காலி பெரியாருக்குன்னு காலியா விட்டாங்க. பொதுச்செயலாளர்தான் உச்சம். அண்ணா, 1955-லேர்ந்து நெடுஞ்செழியன், 1960-ல மறுபடி அண்ணா. அந்த 1960-ல ஈ.வெ.கி. சம்பத் அவைத்தலைவர், கருணாநிதி பொருளாளர். ரெண்டு பக்கமும் ஆள் பலம் சேர்த்துக்கிட்டு இருந்த நேரம். நேருக்கு நேர் மோதி யாருக்கு எத்தனைன்னு எண்ணிப் பார்த்திருந்தா என்ன ஆயிருக்கும்? தெரியலை. 1961 ஜனவரியில வேலூர் பொதுக்குழுவுல தகராறு, ஏப்ரல்ல சம்பத் வெளிய போய் தமிழ் தேசியக் கட்சி ஆரம்பிச்சார்.

1969-ல அண்ணா போனப்புறமும் அதே மாதிரி ஒரு முட்டல். கருணாநிதியா, நெடுஞ்செழியனா? அதுக்குக் கண்டுபிடிச்ச தீர்வு செம. இருபது வருஷமா காலியா இருந்த தலைவர் நாற்காலியில கருணாநிதியை உட்கார வச்சு, பொதுச்செயலாளர் பதவியை நெடுஞ்செழியனுக்குக் குடுத்தாங்க. எம்.ஜி.ஆர். பொருளாளர். ஒரு பதவிக்கு ரெண்டு பேர் வந்தா பதவியை ரெண்டாக்கு! இந்த ஐடியாவை நம்ம கட்சிகள் இன்னைக்கு வரைக்கும் விடலை.

1972 அக்டோபர்ல எம்.ஜி.ஆர். கணக்குக் கேட்டதும், நீக்கப்பட்டதும், அக்டோபர் 17-ல அ.தி.மு.க. பிறந்ததும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. தெரியாத விஷயம் அவர் போட்ட ஒரு ரூல். பொதுச்செயலாளரைப் பொதுக்குழு தேர்ந்தெடுக்கக் கூடாது, அடிப்படை உறுப்பினர்கள் எல்லாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கணும். தன்னை வெளிய அனுப்பினது செயற்குழுவும் பொதுக்குழுவும்தான்ங்கிற அனுபவம் அதுக்குப் பின்னாடி இருந்திருக்கும்னு நினைக்கிறேன். கூட்டத்துல பத்து இருபது பேரை மடக்கலாம், லட்சம் தொண்டனை மடக்க முடியாதுன்னு ஒரு நம்பிக்கை.

பேப்பர்ல பார்த்தா உலகத்துலயே ஜனநாயகமான விதி. லட்சக்கணக்கான பேர் ஓட்டு. ஆனா அந்த லட்சக்கணக்கான பேர் ரெண்டு வேட்பாளர்ல ஒருத்தரைத் தேர்ந்தெடுத்த நாள்னு ஒண்ணு அந்தக் கட்சி வரலாற்றுல இல்லை. 2021 டிசம்பர்ல ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் தேர்தல் அறிவிச்சப்ப, மனு வாங்க வந்த ஒருத்தரைத் தலைமை அலுவலகத்துலயே விரட்டி அடிச்சதை டிவியில பார்த்தோம். ஓ.பி.எஸ்.சும் ஈ.பி.எஸ்.சும் போட்டியின்றித் தேர்வு.

அந்த ஜோடி ஆறு மாசம்தான் தாங்குச்சு. 2022 ஜூன் 23 வானகரம் பொதுக்குழுவுல தண்ணி பாட்டில் பறந்தது. ஜூலை 11 பொதுக்குழுவுல ஈ.பி.எஸ். இடைக்காலப் பொதுச்செயலாளர், ஓ.பி.எஸ். நீக்கம். அன்னைக்கே விதியிலயும் கை வச்சாங்க. இனிமே பொதுச்செயலாளருக்கு நிக்கணும்னா பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழியணும், பத்து மாவட்டச் செயலாளர்கள் வழிமொழியணும், தலைமைக்கழகப் பொறுப்புல அஞ்சு வருஷம் இருந்திருக்கணும். ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் எல்லாம் சுத்தி, 2023 மார்ச்ல தேர்தல் அறிவிச்சாங்க. மனு போட்டது ஒரே ஒருத்தர். மார்ச் 28-ல முடிவு. வேற என்ன, அதே ரெண்டு வார்த்தைதான்.

ஓட்டுப் போடுற உரிமையை யாரும் தொடலை, கவனிச்சீங்களா? லட்சக்கணக்கான பேர் ஓட்டுப் போடலாம்ங்கிற விதி அப்படியே இருக்கு. மனுவுல கையெழுத்துப் போட வேண்டிய ஆளைத்தான் மாத்தினாங்க. லாகின் பேஜ் எல்லாருக்கும் திறந்திருக்கும், பாஸ்வேர்ட் இருபது பேர்கிட்ட மட்டும் இருக்கும்.

இதனாலதான் மாவட்டச் செயலாளர்னா குட்டி ராஜான்னு சொல்றது. 1993-ல வைகோ தி.மு.க.விலேர்ந்து நீக்கப்பட்டப்ப அவரோட போன மாவட்டச் செயலாளர்கள் ஒன்பது பேர். எங்களுக்குத்தான் உண்மையான பொதுக்குழு, எங்களுக்குத்தான் உதயசூரியன்னு அவங்க தரப்பு உரிமை கோரி, தேர்தல் ஆணையம் ஒத்துக்காம, 1994 மே மாசம் ம.தி.மு.க. பிறந்தது. மாவட்டச் செயலாளர் நாற்காலிக்கு இவ்வளவு எடை இருந்தா அதைப் பெருக்கத்தானே செய்வாங்க? 2014-ல தி.மு.க. 34 கட்சி மாவட்டத்தை 65 ஆக்கிச்சு. 2022 தேர்தலப்ப எழுபதைத் தாண்டிருச்சு. அரசாங்கக் கணக்குல தமிழ்நாட்டுக்கு 38 மாவட்டம்தான். எங்க ஊர் மாவட்டம் ரெண்டு தடவை பிரிஞ்சதை நான் பெரிசாச் சொல்லிக்கிட்டு இருக்கேன், கட்சிகளுக்கு இதெல்லாம் ஜுஜுபி.

இன்னொரு காரணமும் இருக்கு. சின்னம். 1969-ல காங்கிரஸ் உடைஞ்சப்ப யார் உண்மையான காங்கிரஸ்னு வழக்கு வந்து, எம்.பி., எம்.எல்.ஏ.க்களோட அமைப்பு நிர்வாகிகள் எந்தப் பக்கம்னும் எண்ணிப் பார்க்கணும்ங்கிறதை சுப்ரீம் கோர்ட் 1971-ல ஏத்துக்கிச்சு. அன்னையிலேர்ந்து பொதுக்குழு உறுப்பினர்ங்கிறவர் கைதட்ட வர்றவர் மட்டும் இல்லை, ஒரு பிரமாணப் பத்திரம். 2017-ல இரட்டை இலை முடங்கி, திரும்ப ஈ.பி.எஸ்.-ஓ.பி.எஸ். தரப்புக்குக் கிடைச்சது அந்தப் பத்திரங்களோட பலத்துலயும்தான். கிடைச்ச தேதி? நவம்பர் 23. சொன்னேன்ல :-)

2023 பிப்ரவரியில சிவசேனா வழக்குல இன்னும் வேடிக்கை. அந்தக் கட்சி விதிப்படி நிர்வாகிகளைத் தலைமையே நியமிக்குது, அது ஜனநாயகம் இல்லை, அதனால அந்த நிர்வாகிகள் கணக்கை வச்சு முடிவு பண்ண முடியாதுன்னு சொல்லி, எம்.எல்.ஏ., எம்.பி. கணக்கை வச்சே ஷிண்டே தரப்புக்கு வில் அம்பைக் குடுத்துருச்சு ஆணையம். உட்கட்சித் தேர்தல் நடத்தலைன்னா கட்சிக்கு என்ன ஆகும்னு கேட்டா, சாதாரண நாள்ல ஒண்ணும் ஆகாது. உடையுற அன்னைக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் சொல்லி, "அப்ப தேர்தல் வச்சாப் போதும், எல்லாம் சரியாயிடும்"னு நான் பெரியப்பாகிட்ட ஒரு தடவை பேசினேன். சிரிச்சாரு. "நம்ம ஒன்றியத்துல ஓட்டு வச்சா எவன் ஜெயிப்பான்னு ஆள் பேர் கேக்காத, சாதிப் பேரைக் கேளு, நான் இப்பவே சொல்றேன்"னாரு. அது உண்மைதான். 1992 ஏப்ரல், திருப்பதி காங்கிரஸ் மாநாடு. ரொம்ப வருஷத்துக்கப்புறம் காரியக் கமிட்டிக்கு நிஜமாவே தேர்தல் வச்சாங்க. அர்ஜுன் சிங், சரத் பவார் எல்லாம் நல்ல ஓட்டு வாங்கி ஜெயிச்சாங்க. பார்த்தா, ஜெயிச்சவங்கள்ல ஒரு பெண் இல்லை, ஒரு தலித் இல்லை, ஒரு பழங்குடி இல்லை. நரசிம்ம ராவ் அதையே காரணமாச் சொல்லி ஜெயிச்ச எல்லாரையும் ராஜினாமா பண்ண வச்சு, தானே ஒரு கமிட்டியை நியமிச்சுட்டார். அக்கறையா, தந்திரமா? ரெண்டும்தான்னு நினைக்கிறேன். ஆனா அவர் காட்டின ஓட்டை நிஜமான ஓட்டை. பெரம்பலூர் பக்கம் மாதிரி ஊர்ல, எண்ணிக்கை குறைஞ்ச ஒரு சாதிக்காரர் ஒன்றியப் பதவிக்கு வந்திருக்காருன்னா, பாதிக்குப் பாதி அது மேலேர்ந்து வந்த லிஸ்ட்தான்.

அதே காங்கிரஸ் 2022 அக்டோபர்ல தலைவர் தேர்தல் நடத்துச்சு. கார்கே 7897, சசி தரூர் 1072. தோத்த தரூரை மறு வருஷம் காரியக் கமிட்டியில சேர்த்துக்கிட்டாங்க. அடடே காமராஜ் ஸ்டைல்னு நான் சந்தோஷப்பட்டேன். ஆனா அந்தக் காரியக் கமிட்டிக்கே தேர்தல் வேண்டாம், தலைவரே நியமிக்கட்டும்னு 2023 பிப்ரவரியில ராய்ப்பூர்ல முடிவு பண்ணிட்டாங்க. ஒரு கதவைத் திறந்து ஒரு கதவைச் சாத்துறது.

வெளிநாட்டுல ஒண்ணே ஒண்ணு. 1981-ல பிரிட்டிஷ் லேபர் கட்சித் துணைத் தலைவர் தேர்தல். டெனிஸ் ஹீலி, டோனி பென்னை ஜெயிச்சது ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்துல. பென் கட்சியை உடைக்கலை, கடைசி வரைக்கும் அங்கயேதான் சண்டை போட்டுக்கிட்டு இருந்தார். அந்தக் கட்சியோட தேசிய நிர்வாகக் குழுவுல தொகுதிக் கிளைகளுக்கான இடங்களை 2020-லேர்ந்து விருப்ப வரிசை ஓட்டு முறையில நிரப்புறாங்க. அதாவது 1, 2, 3-ன்னு வரிசை போடணும். அதனால ஒரே கோஷ்டி எல்லா இடத்தையும் அள்ள முடியாது, சின்ன கோஷ்டிக்கும் அதோட அளவுக்கு இடம். நரசிம்ம ராவ் காட்டின ஓட்டைக்கு முழு மருந்து இல்லை, ஒரு தையலாவது போடும்.

இப்ப சமீபத்துக்கு வருவோம். 2025 ஏப்ரல், மதுரை. மார்க்சிஸ்ட் கட்சியோட 24-ஆவது அகில இந்திய மாநாடு. கம்யூனிஸ்ட்டுகள் வழக்கம் என்னன்னா, போற கமிட்டி புதுக் கமிட்டிக்கு ஒரு பட்டியல் வைக்கும். அதை ஏத்துக்காத பிரதிநிதி வேற பேரை முன்மொழியலாம். அப்படிப் பேர் வந்தா ரகசிய ஓட்டு. பெரும்பாலும் பட்டியலே ஏகமனதாப் போயிடும். மதுரையில 85 பேர் மத்தியக் குழுவுக்கு ஒரு இடத்தைக் காலியா விட்டு, 84 பேர் பட்டியல். மகாராஷ்டிரா தொழிற்சங்கத் தலைவர் டி.எல். கராட் எழுந்து, நானும் நிக்கிறேன்னுட்டார். தோத்துப் போவோம்னு அவருக்குத் தெரியாம இல்லை. ஓட்டு நடந்தது. அவருக்கு 31. பட்டியல்ல இருந்த 84 பேரும் ஜெயிச்சாங்க. எம்.ஏ. பேபி பொதுச்செயலாளர் ஆனார்ங்கிறதுதான் மறுநாள் தலைப்புச் செய்தி. எனக்கு அந்த 31-தான் கண்ணுல பட்டுச்சு, திருச்சி 4,203 மாதிரியே.

அந்தச் செய்தியைப் பெரியப்பாவுக்குப் போன்ல படிச்சுக் காட்டினேன். அவருக்கும் கம்யூனிஸ்ட்டுக்கும் காத தூரம். ஆனாலும், "முப்பத்தொண்ணா? பரவாயில்லையே"ன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "எனக்கு அறுபத்தொண்ணு"ன்னாரு.

அவரு பார்த்த அந்த ஒரே ஓட்டுப் பெட்டிக் கதை. நான் பொறந்த வருஷம், ஒன்றியச் செயலாளர் தேர்தல். ஒரு ஆட்டை வித்து, 160 பேருக்கு உறுப்பினர் சந்தா கட்டி, அடிக்கட்டையெல்லாம் ஒரு மஞ்சப்பையில வச்சிருந்தாரு. (போலி மெம்பர் இல்லையான்னு கேட்டேன். "எல்லாரும் நம்ம ஆளுங்கதான், காசு மட்டும்தான் என்னுது"ன்னாரு. காந்திக்கு இதைத்தான் தனியா எழுதணும்.) முதல் நாள் ராத்திரி வீட்டுக்கு வந்து பேசிப் பார்த்தாங்க. துணைச் செயலாளர் தர்றோம்னாங்க. இவரு மசியலை. அதிசயமா எதிராளியும், "நிக்கட்டும்ணே, பார்த்துடுவோம்"னு சொல்லிட்டாராம். ஜெயங்கொண்டத்துல ஒரு கல்யாண மண்டபம். வெளி மாவட்டத்துலேர்ந்து தேர்தல் பொறுப்பாளர் வந்திருந்தாரு. மணவறை மேடையில ஒரு தகரப் பெட்டி. கிளை நிர்வாகிகள் வரிசையில நின்னு சீட்டுப் போட்டாங்க. அவருக்கு 72, பெரியப்பாவுக்கு 61.

"பதினோரு ஓட்டுல தோத்துட்டு வீட்டுக்கு எப்படி வந்தீங்க?"ன்னு கேட்டேன்.

"அவரு வண்டியிலதான். பஸ்ஸு போயிருச்சு. அவரே கொண்டாந்து விட்டுட்டு, ஒங்க பெரியம்மா போட்ட காப்பியைக் குடிச்சுட்டுப் போனாரு."

அதுக்கப்புறம் அந்த ஒன்றியச் செயலாளர்தான் பெரியப்பாவுக்கு மாவட்டப் பிரதிநிதி வாங்கிக் குடுத்தது. அந்தப் பதவி 2002-ல மாவட்டத்தோட போச்சு. 2007-ல மாவட்டம் திரும்ப வந்தப்ப மனு குடுத்தாரு. வேற ஆட்கள், வேற காலம். "பேசி முடிச்சாச்சு, கையெழுத்துப் போடுங்க"ன்னு வாபஸ் பாரத்தையே கொண்டு வந்து நீட்டினாங்க. போட்டாரு. அதுக்கப்புறம் அவரு மனு குடுக்கவே இல்லை.

போன தடவை ஊருக்குப் போனப்ப உறுப்பினர் புதுப்பிக்கிற வேலை நடந்துக்கிட்டு இருந்துச்சு. எல்லாம் இப்ப போன்ல. ஓடிபி வரும், அதைச் சொல்லணும். பெரியப்பாகிட்ட இருக்குறது பட்டன் போன், அதுலயும் சார்ஜ் இல்லை. என் நம்பரைப் போட்டுத்தான் அவரைப் புதுப்பிச்சேன். ஆக கட்சி லிஸ்ட்ல அவரு பேருக்கு நேரா இருக்குறது பெங்களூர்ல ஆணி புடுங்குற என்னோட நம்பர். அந்த மஞ்சப்பையை எங்கன்னு கேட்டேன். பரண்ல இருக்காம். 160 அடிக்கட்டையும்.